சுவிட்சக்கா வீட்டு மீட்டர்

சுவிட்சக்காவுக்கு அந்தப் பட்டத்தைச் சூட்டியது வீட்டுப் புரோக்கர். காலை ஏழு மணிக்குக் கிளம்பினாள் என்றால் பதினோரு மணிக்குள் ஐந்து வீட்டுக் கதவைத் திறந்து, ஐந்திலும் விளக்கைப் போட்டு, ஃபேனைச் சுழல விட்டு, ஹீட்டரைக் கொதிக்க விடுவாள். மாலையில் மறுபடி ஒரு சுற்று வந்து எல்லாவற்றையும் அணைப்பாள். அந்த ஐந்து வீட்டிலும் ஈ காக்கை கிடையாது. ஆள் இல்லாத வீட்டை ஆள் இருக்கிற வீடாகக் காட்டுவதுதான் அவள் பிழைப்பு. சிரிக்காதீர்கள், இதற்கும் கூலி கொடுக்க ஆள் இருந்தது.

ஏன் கொடுத்தார்கள் என்று சொல்லிவிடுகிறேன். அந்த நகரத்தில் ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகம். அதில் மாகாணத்துக்குள் குடியிருக்கிறவர் பிள்ளை ஒரு மடங்கு கட்டணம் கட்டினால், வெளியிலிருந்து வருகிற பிள்ளை நான்கு மடங்கு கட்ட வேண்டும். ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு, ஒரே வாத்தியார். எல்லைக்கு அந்தப் பக்கம் படுத்துத் தூங்கிய பாவத்துக்கு மூன்று மடங்கு தண்டம். தனியார் பல்கலைக்கழகங்களில் இந்த வித்தியாசமே இல்லை. உள்ளூர் வெளியூர் என்று பார்க்காமல் எல்லாரையும் ஒரே மாதிரி உரிப்பார்கள், அதுவும் ஐந்து மடங்கு. அதனால் எல்லைக்கு அப்பால் நாலு காசு பார்த்தவர்கள், பிள்ளை பள்ளி முடிக்க இரண்டு வருஷம் இருக்கும்போதே இங்கே ஒரு சின்ன வீட்டைப் பிடித்து, "நாங்க இங்கதான் இருக்கோம்" என்று எழுதிக் கொடுத்தார்கள். வாடகை, புரோக்கர் கமிஷன், சுவிட்சக்கா கூலி எல்லாம் போகவும் அதில் மிச்சம் இருந்தது.

அரசாங்கம் மட்டும் லேசுப்பட்டதா? முதலில் வாடகைப் பத்திரம் போதும் என்றது. பத்திரம் மூட்டை மூட்டையாக வந்து குவிந்ததும் அது செல்லாது என்றது. பள்ளிச் சான்றிதழைக் கொண்டுவந்தார்கள். விடுதியில் தங்கிப் படித்த வெளியூர்ப் பிள்ளைகளும் அதையே நீட்ட, அதுவும் செல்லாமல் போனது. எங்கே பிறந்தாய் என்பதெல்லாம் யாருக்கு வேண்டும், கடைசி இரண்டு வருஷம் எங்கே இருந்தாய், அதைச் சொல் என்றது. கடைசியில் ஒரே ஒரு சாட்சியைத்தான் நம்பியது: மின்சார மீட்டர். இரண்டு வருஷமும் மாதத்துக்கு ஐம்பது யூனிட் குறையாமல் ஓடியிருந்தால் அந்த வீட்டில் ஆள் இருக்கிறது. ஓடவில்லையா, வீடு காலி. இது போதாதென்று ஓர் அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். ஒல்லியான மனிதர், கதவு திறந்ததும் முதலில் மூக்கைத்தான் உள்ளே நீட்டுவார். புரோக்கர்கள் மத்தியில் அவருக்கு மோப்பக்காரர் என்று பெயர்.

அந்த மோப்பக்காரரை ஏய்ப்பதில் சுவிட்சக்காவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மற்றவர்கள் விளக்கைப் போட்டுவிட்டுப் போய் மாட்டிக்கொண்டார்கள். இவள் பல் தேய்க்கும் பிரஷ்ஷைத் தினமும் நனைத்து வைப்பாள். புது சோப்பை ஓடுகிற தண்ணீரில் காட்டித் தேய்த்துத் தேய்த்து, வாரத்துக்கு இவ்வளவு என்று கணக்காக இளைக்க வைப்பாள். தலையணையை முழங்கையால் ஒரு குத்து குத்திக் குழி விழ வைப்பாள். செருப்பு ஒருநாள் கதவுக்கு வலப்பக்கம், ஒருநாள் இடப்பக்கம், அதிலும் ஒன்று குப்புற. குப்பைக்கூடையில் எப்போதும் கொஞ்சம் குப்பை. வாரத்தில் இரண்டு நாள் வெங்காயம் வதக்குவாள், அது அந்த மூக்குக்காகவே.

"ஆள் இருக்கற வீடு சுத்தமா இருக்காது தம்பி. சுத்தமா வெச்சா மாட்டிக்குவோம்," என்பாள் புரோக்கரிடம்.

பத்து வருஷத்தில் அவள் கைபட்ட வீடு ஒன்றுகூட மாட்டியதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், கர்வப்பட வேறென்ன வைத்திருந்தாள் பாவம்.

புருஷன் எப்போதோ கம்பி நீட்டிவிட்டான். ஒரே மகள். ஒரு மூன்று மாடிக் கட்டிடத்தின் மொட்டை மாடியில் ஒற்றை அறை, தகரக் கதவு, வெளியே ஒரு குழாய். ஆனால் வாடகைப் பத்திரம் அவள் பெயரில் இருந்தது, மீட்டர் அவள் பெயரில் இருந்தது. பதினாறு வருஷமாக அதே அறைதான். மகள் தவழ்ந்ததும் தள்ளாடி நடந்ததும் அந்த மொட்டை மாடியில்தான். ஊரார் வீட்டுக்கெல்லாம் பொய்யாகத் தயாரிக்கிற ஒன்று நம்மிடம் நிஜமாகவே இருக்கிறது என்பதில் அவளுக்கு உள்ளூர ஒரு நிம்மதி.

இப்போது ஒன்றை யோசித்துப் பாருங்கள். ஒரு வீட்டில் ஹீட்டர் கொதிக்கிறது, குளிக்க ஆள் இல்லை. இன்னொரு வீட்டில் மின்சார அடுப்பு சிவக்கச் சிவக்க எரிகிறது, மேலே பாத்திரம் இல்லை. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க, இருக்கிறதை வைத்துக் குடும்பம் நடத்துகிற எந்தப் பெண்ணுக்கு மனசு வரும்? முதல் வீட்டில் அம்மாவும் மகளும் குளித்தார்கள். இரண்டாவது வீட்டில் சமைத்துச் சாப்பிட்டார்கள். மூன்றாவது வீட்டில் துணி தோய்த்து இஸ்திரி போட்டார்கள். நான்காவது வீட்டில் லீவு நாள் மதியம் ஃபேனுக்கு அடியில் காலை நீட்டினார்கள். ஐந்தாவது வீட்டில் நல்ல மேஜை, நல்ல வெளிச்சம். பள்ளி விட்டதும் மகள் நேராக அங்கே போய்ப் படித்தாள். மொட்டை மாடி அறைக்கு வருவது படுக்க மட்டும். ஒரு குண்டு பல்பு கொஞ்ச நேரம் எரியும், அவ்வளவுதான்.

மாதம் ஏழு யூனிட். அந்த மின்சாரச் சீட்டைக் கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்காரம்மாவிடம் காட்டிக் காட்டிப் பெருமைப்படுவாள்.

"ஏம்மா, உங்க மீட்டர் ஓடுதா, இல்ல உக்காந்திருக்கா?" என்பாள் வீட்டுக்காரம்மா. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

சிரித்தார்கள், சிரித்தார்கள், இரண்டு வருஷம் சிரித்தார்கள். ஐம்பது யூனிட் விதியைத் தலைகீழாக ஒப்பிக்கத் தெரிந்தவளுக்கு, அந்த விதி தன் வீட்டுக்கும் உண்டு என்பது ஒருநாளும் மண்டையில் ஏறவில்லை. அது திருட்டுக் குடித்தனக்காரர்களுக்கான விதி என்று நினைத்துக்கொண்டிருந்தாள். நிஜமாக இருக்கிறவளை யார் கேட்கப் போகிறார்கள்?

அந்த ஐந்தாவது வீடு, எல்லைக்கு அப்பால் மருந்துக்கடை வைத்திருக்கும் ஒருவருடையது. கடையை மகனிடம் ஒப்படைக்க அவனுக்கு மருந்தியல் பட்டம் வேண்டியிருந்தது. அதனால் நுழைவுத் தேர்வுப் புத்தகங்களை அலமாரி நிறைய வாங்கி அடுக்கி வைத்திருந்தார், மோப்பக்காரர் பார்ப்பதற்காக. பிரிக்காத புத்தகம் காட்டிக் கொடுத்துவிடுமே என்று சுவிட்சக்காவுக்குக் கவலை.

"ஏண்டி, சும்மாத்தானே உக்காந்திருக்க? அந்தப் புத்தகத்தையெல்லாம் கொஞ்சம் புரட்டி, அங்கங்க மூலைய மடிச்சு வை," என்று மகளிடம் சொன்னாள்.

மகள் மூலையை மடிக்கத்தான் ஆரம்பித்தாள். ஒன்றரை வருஷத்தில் அலமாரியை முடித்துவிட்டாள். பஸ்ஸில் போகும்போது கையில் கிடைக்கிற மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்து, உள்ளே என்ன மருந்து, எது எதோடு சேர்ந்தால் ஆகாது என்று முணுமுணுப்பாள். மேஜைக்கு மேலே சுவரில் பென்சிலால் ஆறு மூலைக் கட்டங்களும் அம்புக்குறிகளும் சூத்திரங்களுமாக வரைந்து தள்ளினாள். சுவிட்சக்கா அழிக்கச் சொல்லவில்லை. ஆள் இருக்கிற அடையாளமாயிற்றே!

தேர்வை மகள் எழுதினாள், மருந்துக்கடைக்காரர் மகனும் எழுதினான். இவளுக்கு முப்பத்தெட்டாவது இடம். அவன் பட்டியலின் வாலில் தொங்கிக்கொண்டிருந்தான். ஆனாலும் இரண்டு பேருக்கும் அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. குடியிருப்புச் சான்று மட்டும் பாக்கி. சுவிட்சக்கா வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேர்த்து வைத்திருந்தது சரியாக அந்த ஒரு மடங்குக்குத்தான் காணும். நான்கு மடங்கு என்றால் அவளையே விற்றாலும் தேறாது.

முதலில் மருந்துக்கடைக்காரர் வீட்டுக்குச் சோதனை வந்தது. முந்தின நாளே அப்பாவும் மகனும் வந்து இறங்கினார்கள். இரண்டு வருஷத்தில் அந்தப் பையன் அந்த வீட்டுக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

"பாத்ரூம் சுவிட்ச் எங்க தம்பி?" என்று சுவிட்சக்கா பாடத்தை ஆரம்பித்தாள்.

அவன் பாத்ரூமுக்குள்ளே போய்ச் சுவரைத் தடவினான்.

"போச்சு, குடி முழுகிப்போச்சு! வெளியில இருக்கு, இடது கைப் பக்கம். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் கை தானா போகணும். சரி, எந்தக் கதவு இழுத்தா சத்தம் போடும்?"

"தெரியலைங்க அக்கா."

"பின் கதவு. கொஞ்சம் தூக்கித் தள்ளணும். எங்க, பத்து தடவை தொறந்து மூடு பாப்போம்."

மகள் மூலையில் நின்று தன் நோட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். "சுவத்துல நான் எழுதினத அழிச்சிடவாம்மா?" என்றாள்.

"ஐயோ, கைய வெச்சிடாதே. அதுதான்டி இந்த வீட்டுக்கே உயிரு."

மறுநாள் காலை பத்து மணிக்கு மோப்பக்காரர் வந்தார். மூக்கை நீட்டினார். பிரஷ்ஷைத் தொட்டுப் பார்த்தார், ஈரம். சோப்பைத் தொட்டுப் பார்த்தார், வழவழப்பு. மீட்டர் சீட்டுகளைப் புரட்டினார். அறுபது, அறுபத்திரண்டு, ஐம்பத்தெட்டு என்று நிஜக் குடும்பம் மாதிரியே ஏறி இறங்கியிருந்தது. நிஜக் குடும்பம் ஒன்று எரித்ததுதானே. கடைசியாக மேஜை முன்னால் போய் நின்றார். சுவரையே வெகுநேரம் பார்த்தார்.

"யாரு எழுதினது?"

பையன் அப்பாவைப் பார்த்தான். அப்பா கூரையைப் பார்த்தார். "நான்தான் சார்," என்றான்.

"அப்படியா? இது என்ன, இந்த அம்பு ஏன் இந்தப் பக்கம் போகுது?"

பையன் திருதிருவென்று முழித்தான். சுவிட்சக்கா சட்டென்று முன்னால் வந்தாள். பத்து வருஷமாகச் சம்பாதித்த பெயர், இந்த மக்குப் பிள்ளையால் காற்றோடு போகப் போகிறது!

"சார், தம்பிக்குப் பரீட்சை முடிஞ்சதுமே எல்லாம் மறந்து போச்சு சார். ராவும் பகலும் இந்த மேஜையிலதான் கெடந்துச்சு. நான்தானே டீ போட்டுக் குடுத்தேன். சுவத்துல எழுதாதே தம்பின்னு நானே எத்தன தடவை சொல்லியிருக்கேன்!"

"நீங்க யாரு?"

"வீட்டு வேலை செய்யறவ சார். என் கண்ணால பாத்ததைச் சொல்றேன்."

மோப்பக்காரர் அதை அப்படியே எழுதி, அவளிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். "படிக்கிற பிள்ளை இருக்கற வீடுன்னு பாத்தாலே தெரியுது," என்று சொல்லிவிட்டுப் போனார். மருந்துக்கடைக்காரர் சுவிட்சக்காவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை.

அவள் உச்சி குளிர்ந்து போய் மகளிடம் வந்து நடந்ததைக் கதையாகச் சொன்னாள். மகள் சிரிக்கவில்லை.

"நான் எழுதினத அவன் எழுதினான்னு கையெழுத்தா போட்டுக் குடுத்த?"

"ஒரு கையெழுத்துதானேடி. அதுல உனக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

மூன்றாம் நாள் மோப்பக்காரர் மொட்டை மாடிக்கு வருவதாக இருந்தது. சுவிட்சக்கா ஒத்திகை எதுவும் பார்க்கவில்லை. நிஜமாக இருக்கிற வீட்டுக்கு எதற்கு வேஷம்? ஆனால் பெரிய மனிதர் ஒருவர் வீட்டுக்கு வருகிறார் என்றதும் அவள் வேறொரு காரியம் செய்தாள். அறையைக் கழுவிவிட்டாள். குப்பையை வாரிக் கொட்டினாள். படுக்கையைச் சுருட்டிக் கயிறு போட்டுக் கட்டினாள். பழைய செருப்புகளைத் தூக்கி எறிந்தாள். பத்து வருஷமாக ஊருக்கெல்லாம் படித்துப் படித்துச் சொன்னதை, தன் வீடு என்று வந்தபோது சுத்தமாக மறந்துபோனாள். விருந்தாளி வருகிறபோது வீட்டைச் சுத்தம் செய்கிற சாதாரணப் பெண்பிள்ளையாகிவிட்டாள், அன்று ஒருநாள்.

மோப்பக்காரர் மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்க வந்து நின்று, மூக்கை நீட்டினார். ஃபினாயில் நாற்றம்.

"நீங்க அந்த வீட்டுல வேலை செய்யறவங்கதானே?"

"ஆமா சார்! இது என் பொண்ணு சார். முப்பத்தெட்டாவது இடம்!" என்றாள் சுவிட்சக்கா, வாயெல்லாம் பல்லாக.

"சந்தோஷம். பிரஷ் எங்க?"

பிரஷ் முதல் வீட்டில் இருந்தது. சோப்பும் அங்கேதான். அடுப்பு ஜில்லென்று கிடந்தது, அதன் மேல் ஒரு பல்லி. மேஜை கிடையாது, ஒரு புத்தகம் கிடையாது. அவர் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, சுவிட்சக்காவின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வற்றியது. பாவி, அந்தக் கேள்விகளுக்கெல்லாம் சரியான பதில் அவளுக்குத் தெரியும். ஐந்து வீட்டில் தயாராக வைத்திருந்தாள்.

அவர் மீட்டர் சீட்டுகளை வாங்கிப் பார்த்தார். ஏழு. ஆறு. எட்டு. ஏழு.

"ஏம்மா, ஒரு எலி குடியிருந்தாக்கூடப் பத்து யூனிட் வரும். ரெண்டு பேர் இருந்தீங்களா?"

"பதினாறு வருஷமா இருக்கோம் சார்! வேணும்னா வீட்டுக்காரம்மாவைக் கேளுங்க!"

வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டார்கள். அவள் நல்லவள்தான். "பதினாறு வருஷமா இருக்காங்க சார், தங்கமான மனுஷங்க," என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இருக்கறதே தெரியாது, அவ்வளவு அமைதி. பகல்ல நான் பாத்ததே இல்ல. மீட்டர்கூட ஓடாது சார், உக்காந்திருக்கும்!" என்று சொல்லிவிட்டுப் பழைய வேடிக்கைக்குச் சிரித்தாள். கூடச் சிரிக்க ஆள் இல்லாமல் சிரிப்பு பாதியில் நின்றது. மோப்பக்காரர் எழுதிக்கொண்டிருந்தார்.

"சொல்லும்மா," என்றாள் மகள்.

சுவிட்சக்கா மகளைப் பார்த்தாள். சொன்னால் ஐந்து குடும்பம் அவள் மேல் பாயும், பிழைப்பு போகும், போலீஸ்கூட வரலாம். சொல்லாவிட்டால் மகளின் படிப்பு போகும்.

"அம்மா! சொல்லு!"

சொன்னாள். ஒன்றுவிடாமல் சொன்னாள். எந்த வீட்டில் குளித்தார்கள், எந்த வீட்டில் உலை வைத்தார்கள், எந்த வெளிச்சத்தில் யார் படித்தார்கள், எல்லாவற்றையும் கொட்டினாள். "அந்த அறுபது யூனிட்டும் நாங்க எரிச்சது சார். அந்தச் சுவத்துல எழுதினது என் பொண்ணு. நான் பொய் சொல்லிட்டேன். என்னை என்ன வேணா பண்ணுங்க, இவளை மட்டும் விட்டுடுங்க சார்!" என்று அவர் காலடியில் ஈரத் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள்.

"அன்னிக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்க. அன்னிக்குச் சொன்னது பொய்யா, இன்னிக்குச் சொல்றது பொய்யா?"

மகள் குறுக்கே வந்தாள். அவருடைய பென்சிலையே வாங்கி, மின்சாரச் சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில் விறுவிறுவென்று வரைந்தாள். அதே ஆறு மூலைக் கட்டம், அதே அம்பு. அம்பு ஏன் அந்தப் பக்கம் போகிறது என்பதையும் நான்கு வரியில் எழுதி நீட்டினாள்.

மோப்பக்காரர் அதை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். சுவிட்சக்கா அவர் முகத்தையே பார்த்தாள்.

"அதே கைதான்," என்றார்.

"கடவுளே!" என்றாள் சுவிட்சக்கா.

"அந்த ஃபைலை நான் கையெழுத்துப் போட்டு மேல அனுப்பிட்டேம்மா. இப்ப அது தப்புன்னு எழுதினா, பத்து வருஷமா எத்தன வீட்டுல ஏமாந்தேன்னு என்னைத்தான் கேப்பாங்க. எனக்கு ரிட்டயர் ஆக எட்டு மாசம் இருக்கு." அந்தச் சீட்டை நான்காக மடித்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "சரி, நீங்க சொல்றது எல்லாமே உண்மைன்னே வெச்சுக்குவோம். அப்பவும் என்ன அர்த்தம்? குளிச்சது ஒரு வீடு, சமைச்சது ஒரு வீடு, படிச்சது ஒரு வீடு. இங்க நீங்க குடியிருக்கலன்னுதானே?"

படிவத்தில் 'வீடு காலி' என்று எழுதி, கீழே அவளிடம் ஒரு கையெழுத்து கேட்டார். அவளும் போட்டுக் கொடுத்தாள், பழக்கதோஷம்.

படி இறங்கும்போது திரும்பி, "தனியார்ல முயற்சி பண்ணுங்களேன். அங்க மீட்டரெல்லாம் பாக்க மாட்டாங்க," என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார் போலிருக்கிறது. அதுதான் இன்னும் எரிச்சல்.

பைத்தியக்காரி, அங்கேயும் போனாள். கண்ணாடிக் கதவு, ஏசி, உட்கார்ந்ததும் ஒரு கோப்பை டீ. சுவிட்சக்கா பையிலிருந்து வாடகைப் பத்திரம், பள்ளிச் சான்றிதழ், மீட்டர் சீட்டு எல்லாவற்றையும் எடுத்துப் பரப்பினாள்.

மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் அவற்றைத் தொடவே இல்லை. "இதெல்லாம் எதுக்கும்மா? நீங்க எங்க இருக்கீங்க, எங்கேர்ந்து வரீங்கன்னு நாங்க கேக்கறதே இல்ல. எங்களுக்கு எல்லாரும் ஒண்ணுதான்," என்றாள் அன்பாக. மொட்டை மாடிச் சோதனைக்குப் பிறகு சுவிட்சக்காவிடம் அன்பாகப் பேசிய ஒரே ஆள் அந்தப் பெண்தான். பிறகு கட்டணத் தாளை அவள் பக்கம் நகர்த்தினாள். சுவிட்சக்கா அதைப் பார்த்துவிட்டு, டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டாள்.

விஷயம் புரோக்கர் காதுக்குப் போனது. "என்னக்கா, ஊருக்கெல்லாம் வீடு காட்டுனீங்க, உங்க வீட்டைக் கோட்டை விட்டுட்டீங்களே!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு அவனே, "சரி விடுங்க, இந்த மாசத்துலேர்ந்து மீட்டரை ஓட விடுங்க. பாப்பா ரெண்டு வருஷம் கழிச்சு மறுபடி எழுதட்டும். உங்களுக்குச் சொல்லியா தரணும்?" என்றான்.

அதற்குள் மருந்துக்கடைக்காரரும் கேள்விப்பட்டார். மகனுக்குச் சான்று வந்த சந்தோஷத்தில் அவருக்கு மனசு இளகியிருந்தது. "பொண்ணுக்கு மருந்துப் பேரெல்லாம் அத்துப்படின்னு சொல்றாங்களே. என் கடைக் கவுண்டர்ல நிக்கட்டும். சம்பளம் தரேன், தங்க இடமும் இருக்கு. பையன் லீவுக்கு வரும்போது அவனுக்கும் கொஞ்சம் பாடம் சொல்லிக் குடுக்கட்டுமே," என்று போனில் சொன்னார்.

சுவிட்சக்கா போனை வைத்துவிட்டு, இதையும் ஒரு வேடிக்கையாகத்தான் மகளிடம் சொன்னாள். மகள் எழுந்து பையில் துணியை அடுக்க ஆரம்பித்தாள்.

"ஏண்டி, உனக்கென்ன புத்தி பேதலிச்சுப் போச்சா? எல்லையைத் தாண்டிப் போய் உக்காந்தா நீ வெளி மாகாணத்தாள் ஆயிடுவடி!"

"இப்ப மட்டும் என்னவா இருக்கேன்?"

"ரெண்டே வருஷம். நான் மீட்டரை ஓட்டிக் காட்டறேன் பாரு. நீ இங்க இருந்து படிச்சா போதும்."

"யாரு வீட்டுல உக்காந்து படிக்கட்டும்?" என்றாள் மகள். பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "நீ பாத்துக்கிட்ட அஞ்சு வீட்டுலயும் ஆள் இருந்துச்சும்மா. நம்ம வீட்டுலதான் இல்ல. அவர் சரியாத்தான் எழுதிட்டுப் போயிருக்காரு."

சுவிட்சக்கா அந்தப் பையைத் தூக்கிக்கொண்டாள். பஸ் நிலையம் வரை கூடவே போனாள். மகள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பஸ் நகரும்வரை தலையைத் தூக்கவில்லை. வெயில் நேரம். சுவிட்சக்கா அந்த வெயிலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

அந்த ஒரு மடங்குக் கட்டணப் பணம் பெட்டியில் அப்படியே இருந்தது. அதை எடுத்து ஒரு ஹீட்டர் வாங்கினாள், ஒரு மின்சார அடுப்பு வாங்கினாள், குழல் விளக்கு இரண்டு, ஒரு மேஜை, ஒரு நாற்காலி. இப்போது அவள் பார்த்துக்கொள்வது ஆறு வீடு. காலையில் முதலில் தன் வீடு. மகள் விட்டுப்போன பிரஷ்ஷை முதல் வீட்டிலிருந்து கொண்டுவந்து கோப்பையில் வைத்து, தினமும் நனைக்கிறாள். சோப்பைத் தேய்த்து இளைக்க வைக்கிறாள். மகள் தலையணையில் முழங்கையால் ஒரு குத்து. பழைய புத்தகக் கடையில் வாங்கிய மருந்தியல் புத்தகங்களின் மூலைகளை அவளே மடிக்கிறாள். சுவரில் எழுதத்தான் அவளுக்குத் தெரியவில்லை.

மகளுக்கு வாரம் ஒருதரம் போன் செய்வாள். "வேலை இருக்கும்மா," என்று அவள் வைத்துவிடுவாள். மூன்றாவது மாதம் மீட்டர் ஐம்பத்துநான்கு காட்டியது. சுவிட்சக்கா அந்தச் சீட்டை யாரிடமும் காட்டவில்லை.

ஒருநாள் மாலை, வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள். ஃபேன் ஓடியது, விளக்கு எரிந்தது, ஹீட்டர் உறுமிக்கொண்டிருந்தது. படிக்கட்டின் கீழிருந்து வீட்டுக்காரம்மா குரல் கொடுத்தாள்.

"ஏம்மா, இப்பதான் உங்க வீடு ஆள் இருக்கற வீடு மாதிரி இருக்கு! பொண்ணு வந்திருக்காளா?"

சுவிட்சக்கா கரண்டியும் கையுமாகத் தகரக் கதவருகே வந்து நின்றாள். பத்து வருஷத் தொழில், வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஆமாம்மா," என்றாள். "உள்ள படிச்சிட்டிருக்கா."

பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, விளக்கை அணைக்காமல், கதவை வெளியே பூட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பினாள்.